ஓரத்தில் எழுதியது

சலாஸி, நவம்பர்.
மழைக்கு இன்னும் ஆறு வாரம்.
நகராட்சி எனக்குத் தந்தது
மூன்று மாத வேலை, மஞ்சள் கோட்டு,
இருபத்திரண்டு கேள்விகள்.

கூரை தகரமா, கான்கிரீட்டா?
தகரம்.
ஆணியா, திருகா?
ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் முசியே தாண்டிராயன்.
ஏணி இரவல் போயிருக்கிறது என்றார்.
"தெரியாது" என்ற கட்டத்தில் குறி போட்டேன்.
அந்தத் தெருவில் அதிகம் நிறைந்த கட்டம் அதுதான்.

அடுத்த வீட்டில் சக்கர நாற்காலி,
அதில் பதினாறு வயது, கால்பந்து பார்த்தபடி.
தூக்கிப் போக எத்தனை பேர் வேண்டும்?
"ரெய்யூனியன் ஜெயித்தால் இரண்டு பேர்,
தோற்றால் நாலு."
நாலு என்று எழுதினேன்.

புகலிடம்: பள்ளிக்கூடம்.
சாவி: தலைமை ஆசிரியரிடம்.
தலைமை ஆசிரியர்: பாலத்துக்கு அந்தப் பக்கம்.
பாலம்:
இங்கே பேனா நின்றது.
ஒவ்வொரு புயலிலும் முதலில் போவது அது.

ஒரு சுவரில் விரிசல்,
குறுக்கே ஒட்டிய கண்ணாடிப் பட்டை.
அளக்க வந்தவர்கள் போன வருடம் ஒட்டியது.
கண்ணாடி உடைந்திருந்தது.
வீட்டுக்காரி அதன்மேல் நாள்காட்டியை மாட்டியிருந்தாள்.
"மலை நடக்கிறது, தெரியும்," என்றாள்,
"விருந்தாளி வரும்போது தெரிய வேண்டாம்."

கடைசி வீடு சௌசௌப் பந்தலுக்குக் கீழே.
ஜோசியான் கறுப்பாயி, பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
கறுப்பாயி என்பது குடும்பப் பெயர்.
ஏதோ ஒரு கப்பலில் வந்தவளிடம்
ஏதோ ஒரு குமாஸ்தா பெயர் கேட்டிருக்கிறான்.
ஒரே கட்டம்.
அதில் நுழைந்தது மட்டும்
இத்தனை தலைமுறை தங்கிவிட்டது.

டார்ச், ரேடியோ, மூன்று நாள் தண்ணீர்,
எல்லாம் இருக்கிறது என்றாள்,
காட்டவும் செய்தாள்.
கேள்விகள் முடிந்தபின் அவள் ஒன்று கேட்டாள்:
"ஓடையைப் பற்றி எதுவும் இல்லையா?"
நிரம்பி வழிந்தால் என்று பதினேழாவது கேள்வி இருக்கிறது என்றேன்.
"வழிந்தால் பரவாயில்லை.
கொட்டுகிற மழையில் அது சத்தத்தை நிறுத்தினால்தான்."

ஆறு வருடம் முன்பு நின்றதாம், கால் மணி நேரம்.
தகரத்தில் மழை, கீழே ஒன்றுமில்லை.
வாய் பொத்தியதுபோல இருந்தது என்றாள்.
மேலே எங்கோ மலை சரிந்து நீரை அடைத்திருந்தது.
பிள்ளைகளையும் ஒரு ஆட்டையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.
பிறகு ஓடை வந்தது,
அடுப்படியையும் மற்ற ஆடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு.

அதற்குக் கட்டம் இல்லை.
தாளின் ஓரத்தில் எழுதினேன், சிறிய எழுத்தில்,
மேலிருந்து கீழாக, தாளைத் திருப்பித் திருப்பி.
அலுவலகத்தில் ஸ்கேன் செய்தபோது
இயந்திரம் ஓரங்களை வெட்டிவிட்டது.

ஆகவே அதை மேசைக்காரர்களிடம் விடவில்லை.
திரும்பவும் ஏறினேன், கோட்டு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை.
ஓடையோரம் பதினான்கு வீடு.
யார் யாரை அழைப்பது, போன் செத்தால்
யார் எந்தக் கதவைத் தட்டுவது,
நாற்காலிக்கு எந்த நாலு பேர்.
மாற்றுச் சாவி ஒன்று வெட்ட
மூன்று கடிதமும் ஒரு கத்தலும் ஆயிற்று.
இப்போது அது ஜோசியான் வேனில் தொங்குகிறது,
மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில்.

ஜனவரி. நேற்று ஆரஞ்சு,
நகர வேண்டியவர்கள் நகர்ந்தார்கள்,
ஒருவர் தவிர.
இன்று மதியம் முதல் சிவப்பு.
யாரும் வெளியே போகக்கூடாது.
ரேடியோ காற்றின் வேகத்தைச் சொல்கிறது.
அதன் சத்தத்தைக் குறைக்கிறேன்.
இருட்டில், மழைக்கு அடியில்,
கரகரவென்று, கல்லை உருட்டிக்கொண்டு,
பேசுகிறது.
பேசட்டும்.

மேல் தெருவில் ஒரு தகரம் தடதடக்கிறது.
முசியே தாண்டிராயன் வீடு.
ஆணிதான்.